டிரஸ்ஸர் மகள் கொடுத்த பச்சைத் தூள்

“…அப்படின்னா, வயித்துல புள்ளையோட இருக்கிற என் மருமகளுக்கு இத்தன நாளும் நான் விஷத்தையா கலக்கிக் கொடுத்தேன்? அதைத்தானே சொல்ல வாரீங்க?” என்று கேட்டார் என் சம்பந்தி விஜயாம்மா.

ஈப்போவில் அரசாங்க மருத்துவமனை, பெண்கள் வார்டு, பகல் நேரப் பார்வையாளர்கள் வந்து போகும் வேளை. கட்டிலில் நான், கண்ணெல்லாம் மஞ்சளாக. கால்மாட்டில் சம்பந்தி. பக்கத்து நாற்காலியில் என் மகள் தர்ஷினி, நிறைந்த வயிறும் கையில் பச்சைத் தண்ணீர் டம்ளருமாக. அதைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. எதிரே மருந்தாளர் யாழினி, கையில் அந்தப் பச்சைத் தூள் டின்.

அதற்குப் பிறகு சம்பந்தி என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் அவரைத் தப்பாக எடை போடுவீர்கள். கடைசியில் சொன்னாலும் எடை போடத்தான் போகிறீர்கள், ஆனால் கொஞ்சம் நியாயமாகப் போடுவீர்கள்.

நான் பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவள். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மற்றதெல்லாம் மனிதர்களின் வாயிலிருந்து படித்தது. யாராவது ஒரு பேச்சை ருசியாகச் சொல்லிவிட்டால் அது எனக்கு மறக்காது. அதனால்தானோ என்னவோ, ருசியாகப் பேசுகிறவர்களை நம்பியும் விடுவேன்.

எங்கள் தோட்டம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு. வீடுகள் போய்விட்டன, கோயில் மட்டும் நிற்கிறது. வருசத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு ஈப்போ, செமோர், சித்தியவான், தஞ்சோங் மாலிம் என்று சிதறிக் கிடக்கும் ஆட்கள் எல்லாரும் காரைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். அங்கே விஜயாம்மாவுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அவர் எங்கள் தோட்டத்து டிரஸ்ஸரின் மகள்.

டிரஸ்ஸர் என்றால் தோட்டத்து மருந்தகத்தில் ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டுப் போட்டு, தண்ணி மருந்து ஊற்றிக் கொடுக்கிறவர். டாக்டர் எப்போதாவது காரில் வந்து போவார். எங்களுக்கு டாக்டர் என்றால் டிரஸ்ஸர்தான். தலைவலி என்றாலும் வயிற்றுவலி என்றாலும் அதே பாட்டிலிலிருந்து அதே சிவப்புத் தண்ணிதான் வரும். “அந்தப் பாட்டிலுக்கு நம்ம பேரு, ஊரு, வியாதி எல்லாம் தெரியும்லா, ஆளப் பாத்து வேல செய்யும்” என்று என் அப்பா கிண்டலடிப்பார். கிண்டலடித்துக்கொண்டே குடிக்கவும் செய்வார்.

டிரஸ்ஸர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. விஜயாம்மா கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மருந்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் எங்கள் ஆட்களுக்கு அவர் “டிரஸ்ஸர் மகள்”. அப்பன் ஊசி போட்ட கை மகளுக்கும் இருக்கும் என்று நம்பினோம். இந்தத் தப்பை வேறு எந்த ஊர்க்காரர்களும் செய்திருக்க மாட்டார்கள்.

இதை மோப்பம் பிடித்தவன் டை கட்டிய ஒரு ஆள். பச்சைச் சத்துத் தூள் விற்கும் கம்பெனியில் அவனுக்கு “லீடர்” என்று பெயர். போன திருவிழாவில் அன்னதானப் பந்திக்குப் பக்கத்திலேயே மேசை போட்டு, பச்சை டின்களைக் கோபுரமாக அடுக்கி, விஜயாம்மாவைப் பக்கத்தில் நிறுத்தி, மைக்கில் பேசினான். “உங்க டிரஸ்ஸர் அன்னிக்கு உங்க உசுரக் காப்பாத்தினாரு. இன்னிக்கு அவர் மக காப்பாத்த வந்திருக்காங்க!” என்றான். அந்த மனிதரை அவன் கண்ணால் கண்டதில்லை. சாம்பார் வாளியோடு நின்ற பெண்கள்கூடக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இன்று அதை நினைத்தால் எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில்.

எனக்கு முட்டிவலி. விஜயாம்மா ஒரு டின்னை என் கையில் திணித்தார்.

“காசெல்லாம் வேணாம் சம்பந்தி. நமக்குள்ள என்ன?”

“மருந்துன்னா எனக்குப் பயம்லா.”

“இது மருந்து இல்ல, சத்து. கீரை சாப்பிடப் பயப்படுவீங்களா?”

பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரி, சம்பந்தி கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பாளா? வாங்கிக்கொண்டேன்.

தினமும் காலையில் ஒரு கரண்டி, வெந்நீரில். கோழிக்கூண்டு கழுவிய தண்ணீரில் புல்லை ஊறப்போட்ட மாதிரி வாடை. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். முட்டிவலி குறைந்ததா என்று கேட்டால், குறைந்த மாதிரிதான் இருந்தது. விஜயாம்மா தினமும் போன் செய்து “இப்ப எப்படி இருக்கு?” என்று ஆசையாகக் கேட்கும்போது குறையவில்லை என்று சொல்ல எப்படி வாய் வரும்?

சில வாரம் போனது. கேண்டீனில் வெங்காயம் தாளித்தால் குமட்டியது. பிறகு அரிப்பு. உள்ளங்கையில் ஆரம்பித்து உடம்பு முழுக்க. தோலுக்கு மேலே இல்லை, தோலுக்கு உள்ளே யாரோ துடைப்பத்தால் கூட்டுகிற மாதிரி. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனது. விஜயாம்மாவிடம் சொன்னேன். அவர் சந்தோசப்பட்டார்.

“நல்லதுலா சம்பந்தி! லீடர் சொன்னாரு, இது நச்சு வெளிய வாரது. இத்தன வருசமா உள்ள கெடந்த அழுக்கு. இப்ப விட்டுறாதீங்க, ரெண்டு கரண்டியா ஆக்குங்க.”

ஆக்கினேன்.

இந்த ஒரு பேச்சைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. உடம்பு அலறுகிறது; அந்த அலறலையே நல்ல சகுனம் என்று சொல்லச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நன்றாக இருந்தால் தூள் வேலை செய்கிறது. மோசமானாலும் தூள் வேலை செய்கிறது. எந்தப் பக்கம் விழுந்தாலும் அவர்களுக்கு வியாபாரம்.

கடைசியில் என் கண்ணின் மஞ்சளைக் கண்டுபிடித்தவர் சந்தையில் மீன் வெட்டும் சீன அண்ணன். “அக்கா, உங்க கண்ணு என் மீன் கண்ணவிட மோசமா இருக்கு. வூட்டுக்குப் போவாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்றார் அவருடைய தமிழில். என் கணவர் மணியம் அப்படியே மீன் பையோடு காரைத் திருப்பினார்.

அவசரப் பிரிவில் காத்திருக்கும் இடத்தைப் பற்றி என்ன சொல்வது! பிளாஸ்டிக் நாற்காலி, குளிரூட்டியின் குளிர், எங்கள் பையிலிருந்து கிளம்பும் மீன் வாடை. பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தள்ளிப் போனார்கள். எடுத்த ரத்தத்தில் மூன்று விசயம் பார்த்தார்களாம், டாக்டரம்மா பிறகு விளக்கினார். ஒன்று, கல்லீரல் செல் உடைந்தால் ரத்தத்தில் கசியும் ஒரு பொருள். அது எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு சேதம் நடக்கிறது என்று அர்த்தம். இரண்டு, பிலிருபின் என்ற மஞ்சள் சாயம். கல்லீரல் அதைக் கழித்துவிட வேண்டும், முடியாதபோது கண்ணிலும் தோலிலும் தங்கிவிடுகிறது. மூன்று, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது. உறைய வைக்கும் பொருளைச் செய்வதும் கல்லீரல்தான். இந்த மூன்றாவது கெட்டால்தான் ரொம்பப் பயப்பட வேண்டும்.

டாக்டரம்மா சின்ன வயசு சீனப் பெண். மலாயில் கேட்டுக்கொண்டே போனார். குடிப்பீர்களா? ரத்தம் ஏற்றியதுண்டா? அருவியில், ஆற்றில் குளித்தீர்களா? எலி மூத்திரம் கலந்த தண்ணீராலும் காய்ச்சலோடு மஞ்சள் காமாலை வருமாம். “நம்ம வீட்டு எலியையும் கேஸ்ல சேத்துட்டாங்க” என்று மணியம் என் காதில் முணுமுணுத்தார். பிறகு அந்தக் கேள்வி வந்தது. நாட்டு மருந்து, ஜாமு என்கிற மலாய் மூலிகை, வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?

“இல்ல டாக்டர்” என்றேன். பொய் சொல்லவில்லை. சத்தை யார் மருந்துக் கணக்கில் சேர்ப்பார்கள்?

வார்டில் படுக்க வைத்தார்கள். கிருமியால் வரும் கல்லீரல் அழற்சி ஏ, பி, சி எதுவும் இல்லை. ஸ்கேனில் கல் இல்லை, கட்டி இல்லை. ஒன்றும் இல்லை ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்குப் பயம்தான் கூடியது. பெயர் தெரிந்த வியாதியோடு சண்டை போடலாம். இதோடு எப்படிப் போடுவது? தர்ஷினிக்குத்தான் பயம் தாங்கவில்லை. கல்யாணமாகிப் பல வருசம் காத்திருந்து தரித்த பிள்ளை. “அம்மா, புள்ளைய நீதான் மொதல்ல தூக்கணும்” என்று வரும்போதெல்லாம் சொன்னாள்.

நல்லவேளை, ரத்தப் பரிசோதனை எண்கள் இறங்க ஆரம்பித்தன. அரிப்பும் அடங்கியது. பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய்க்கார அம்மா, மக்சிக் ரொக்கியா; அவருக்குச் சர்க்கரைப் புண். அவர் என்னிடம், “நேத்து நீ மாம்பழம், இன்னிக்கு வாழைப்பழம். நாளைக்குத் தோல உரிச்சா வெள்ளையாயிருவ” என்று மலாயில் சிரிக்க வைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் சம்பந்தி தினமும் வர ஆரம்பித்தார். வெறுங்கையோடு வந்ததே இல்லை. பஸ் மாறி வந்து, பிளாஸ்கில் சுடச்சுடப் பூண்டுக் கஞ்சி ஊற்றி ஊட்டாத குறையாகக் கொடுப்பார். என் தலையை வாரிப் பின்னுவார், நகம் வெட்டுவார். கூடப்பிறந்தவள் செய்ய மாட்டாள் அப்படி. பேச்சு நடுவே போன் வரும். “செமோர் அக்காவா? உங்க டின்ன எடுத்து வச்சிருக்கேன்லா. எறங்குற வழியில கொண்டாந்து தாரேன்” என்பார். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

எண்கள் மறுபடி ஏறின. முதலில் ஏறியதைவிட வேகமாக.

டாக்டர்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். மூன்றாவது பரிசோதனையும் ஆட ஆரம்பித்திருந்தது. தலைநகர மருத்துவமனைக்கு அனுப்புவது பற்றிப் பேசினார்கள். “மாற்றுக் கல்லீரல்” என்ற வார்த்தை என் காதில் விழுந்தது. மணியம் வெளியே போய் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அவர் முதுகைப் பார்த்துத்தான் எனக்கு விசயம் எவ்வளவு பெரிது என்று புரிந்தது.

அன்று பகல் வந்த கஞ்சியை ஊற்றி வைத்திருந்தேன். மக்சிக் மூக்கைச் சுளித்தார். “கோவிச்சுக்காத தங்கச்சி. உங்க ஆளுங்க கஞ்சி நான் நிறைய சாப்பிட்டிருக்கேன். இதுல மட்டும் ஏன் சாக்கடை வாடை வருது?”

குனிந்து முகர்ந்தேன். பூண்டுக்கு அடியில், சீரகத்துக்கு அடியில், அந்தக் கோழிக்கூண்டுத் தண்ணீர். கரண்டியால் கிளறினேன். அடியில் பச்சையாகப் படிந்திருந்தது. எனக்கு வந்த வாந்தியில் கல்லீரலே வெளியே வந்துவிடும் போலிருந்தது. நாள்தோறும் அன்பாகக் கொண்டுவந்து, வாய் துடைத்துவிட்டு, இதை அல்லவா ஊட்டியிருக்கிறார்!

கஞ்சியில் தூள் கலந்திருந்ததைத் தர்ஷினியிடம் போனில் மெதுவாகச் சொன்னேன். “உன் அத்தைகிட்ட ஒண்ணும் கேட்டுக்காத. நான் கஞ்சிய நிறுத்திக்கிறேன். உனக்குச் சங்கடம் வேணாம்.”



“அம்மா… எனக்கும் தினமும் அதுதான். புள்ள செவப்பா, கெட்டியா பொறக்குமாம். அத்தை கலக்கிக் கொடுத்துட்டு டம்ளர் காலியாவுற வரைக்கும் பக்கத்துலயே நிப்பாங்க.”

அதுவரை சம்பந்தி மரியாதை என்று ஒன்று எனக்குள் உட்கார்ந்திருந்தது. அந்த நிமிடத்தோடு எழுந்து போய்விட்டது. கையில் ஊசிக் குழாயோடு நர்ஸ் மேசைக்கு நடந்தேன். “நான் ஒண்ணு குடிச்சேன். நான் மருந்துன்னு நெனைக்கல” என்றேன்.

அனுப்பி வைக்கப்பட்டவர்தான் யாழினி. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், தாத்தா காலத்திலிருந்து ஈப்போதானாம். மணியம் வீட்டிலிருந்து கொண்டுவந்த டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஆன்ட்டி, ஒவ்வொரு சாமானுக்கும் நாங்க ரெண்டு கேள்விதான் கேப்போம். சொல்ற வேலைய இது செய்யும்னு மனுசங்க கிட்ட பாத்த சாட்சி இருக்கா? கெடுதல் பண்ணும்னு சாட்சி இருக்கா? வாங்க, வாசிப்போம்.”

முருங்கை இலைத் தூள். சாப்பாட்டில் போடுகிற அளவில் பிரச்சினை இல்லை, முட்டிவலியைத் தீர்க்கும் என்பதற்குச் சாட்சியும் இல்லை. மஞ்சள் சாறு. “நம்ம கொழம்புல போடுற மஞ்சள் இல்ல, பிழிஞ்சு கெட்டியாக்கினது. மூட்டு வலிக்குக் கொஞ்சம் சாட்சி இருக்கு. ஆனா கூடவே மிளகுச் சாறு சேத்திருக்காங்க, மஞ்சள் ரத்தத்துல அதிகமா ஏறுறதுக்கு. அப்படி ஏறினதுல சிலருக்குக் கல்லீரல் கெட்டிருக்கு.” பச்சைத் தேயிலைச் சாறு. கோப்பையில் குடித்தால் தேநீர். கெட்டிச் சாறாக்கி விழுங்கினால் சிலருடைய கல்லீரலுக்கு ஆகாது. அமுக்கரா, அஸ்வகந்தா என்பார்களே, அது. அதற்கும் அதே எச்சரிக்கை, கர்ப்பிணிகளுக்கு வேண்டாம் என்றே சொல்வார்களாம். நிலாவரை. “இது பேதி இலை. நச்சு வெளிய போவுதுன்னு சொன்னது இந்தப் பேதியத்தான்.”

“இதுல எது என்னைக் கெடுத்துச்சு?”

“தெரியாது ஆன்ட்டி. பொய் சொல்ல மாட்டேன். ஒண்ணா இருக்கலாம், எல்லாம் சேந்து இருக்கலாம். எழுதாத ஏதாவதுகூட உள்ள இருக்கலாம், சோதிக்க அனுப்புறோம். எது எவ்வளவுன்னே போடல பாருங்க, மொத்தமா ‘கலவை’ன்னு எழுதி முடிச்சிட்டாங்க. மருந்துன்னு விக்கணும்னா பதிவு எண் வேணும், பளபளன்னு அரசாங்க ஸ்டிக்கர் வேணும். இதுல ‘உணவுப் பானம்’னு போட்டு நைசா தப்பிச்சிட்டாங்க.”

பெட்டிமேல் ‘உணவு’, வாயில் ‘எல்லா வியாதிக்கும்’. ரெண்டு நாக்கு. எங்கள் டிரஸ்ஸரின் சிவப்புத் தண்ணி எவ்வளவோ தேவலை. அது ஒன்றும் செய்யாவிட்டாலும், கெடுக்காமல் இருந்தது.

கஞ்சியை நிறுத்திய இரண்டே நாளில் எண்கள் மறுபடி இறங்க ஆரம்பித்தன. யாழினி சொன்னார்: “நிறுத்தினா எறங்குது, திரும்பக் கொடுத்தா ஏறுது, மறுபடி நிறுத்தினா எறங்குது. இதவிட நல்ல சாட்சி கிடைக்காது. வேணும்னே யாரும் இப்படிப் பண்ணிப் பாக்க மாட்டாங்க. உங்க சம்பந்தி தெரியாம பண்ணிட்டாங்க.”

அவசரப்படுகிறவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். தர்ஷினியின் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் கெடவில்லை. ஏன் எனக்கு ஆனது அவளுக்கு ஆகவில்லை என்றால், ஆளுக்கு ஆள் வித்தியாசம் என்றார்கள். அவள் குடித்தது குறைந்த நாள்தான் என்றும் சொன்னார்கள். பேத்தி பிறந்துவிட்டாள், சிவப்பாக இல்லை, என் நிறம்தான். முதலில் தூக்கியது நான்தான். எனக்கு முழுதாகத் தேற மாதங்கள் ஆயின. அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால், அத்தனை நாள் வார்டில் படுத்ததற்கு வந்த பில், அந்த டின் ஒன்றின் விலையைவிடக் குறைவு. சிரிப்பதா காறித் துப்புவதா என்று தெரியாமல் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம்.

ஆனால் அந்தப் பகலில் இது எதுவும் தெரியாது. தர்ஷினிக்கு அன்று காலைதான் ரத்தம் எடுத்திருந்தார்கள். முடிவு வரவில்லை. அவளைத் தனியாக அந்த வீட்டில் சண்டை போட வைக்க எனக்கு மனமில்லை. அதனால்தான் யாழினியைப் பார்வையாளர் நேரத்தில் வரச் சொல்லியிருந்தேன். அதற்குள் சம்பந்தி வந்து, “காலையில குடிக்காம வந்துட்டியேம்மா” என்று பிளாஸ்கிலிருந்து பச்சையை ஊற்றி மருமகள் கையில் கொடுத்துவிட்டார். கொண்டுவந்திருந்த டின்கள் இரண்டையும் என் மேசைமேல் வைத்தார். உடைத்தது ஒன்று, சீல் உடைக்காதது ஒன்று. “இது செமோர் அக்காவுக்கு, மறந்துருவேன், கண்ணு முன்னாலயே இருக்கட்டும்” என்றார்.

யாழினி எல்லாவற்றையும் எனக்குச் சொன்ன அதே பொறுமையோடு சொன்னார். என் எண்கள் ஏறி இறங்கிய கதையையும் சொன்னார். சம்பந்தியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. அப்போதுதான் விஷத்தையா கொடுத்தேன் என்று கேட்டார்.

“விஷம்னு நான் சொல்லல ஆன்ட்டி. கொடுக்க வேணாம்னு சொல்றேன்.”

“எங்கப்பா டிரஸ்ஸரு. தெரியுமா உங்களுக்கு?”

மக்சிக் இருமலை அடக்கிக்கொண்டார். தர்ஷினி நிமிர்ந்து, “அத்தை, எனக்குப் பயமா இருக்கு” என்றாள், அவ்வளவுதான்.

சம்பந்தி அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கினார். வார்டுக் கோடியில் இருந்த தொட்டிக்குப் போய்க் கொட்டினார். சோப்புப் போட்டுத் தேய்த்தார், முகர்ந்து பார்த்தார், திரும்பவும் தேய்த்தார். துப்பட்டாவால் துடைத்து, என் குடத்திலிருந்து வெறும் தண்ணீர் ஊற்றி மருமகள் கையில் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். பிளாஸ்கையும் உடைத்த டின்னையும் குப்பைத்தொட்டியில் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு, சீல் உடைக்காத டின்னை மேசையிலிருந்து எடுத்து, துப்பட்டாவின் உலர்ந்த நுனியால் ஒரு தரம் துடைத்து, கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார்.